அரைச் சவரன் பிளாட்டினம்

(தேசிய அறிவியல் நாளையொட்டி ஸ்ரீரங்கத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)

  

மெத்தனாலைப் பற்றித் தமிழ்நாட்டில் நல்லதாக ஏதாவது பேசுவது இன்று எளிதல்ல. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது அது. அதற்கு முந்திய ஆண்டு மே மாதம் மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் உயிர்களைக் குடித்ததும் அதுதான். அதனால் இந்தத் திரவத்தில் மின்சாரம் எடுப்பதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் ஒரு நண்பர், "அந்த எமனை எதுக்கு சார் மேடைக்குக் கொண்டு வர்றீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அது எப்படிக் கொல்கிறது என்று பார்த்தாலே இன்றைய விஷயத்தில் பாதி புரிந்துவிடும்.

மெத்தனால் உள்ளே போனதும் கல்லீரலில் இருக்கும் ஒரு நொதி அதை ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. அது உடனே ஃபார்மிக் அமிலமாகிறது. இன்னும் ஒரே ஒரு படி தாண்டினால் கார்பன் டை ஆக்சைடு. மூச்சில் வெளியே போய்விடும், யாருக்கும் தீங்கில்லை. அந்தக் கடைசிப் படியில்தான் மனித உடல் மிக மெதுவாக நடக்கிறது. ஃபார்மிக் அமிலம் தேங்குகிறது, செல்களின் மூச்சை அடைக்கிறது. கண் நரம்பு முதலில் பலியாகிறது. ஆக, கொல்வது பாதி வழியில் நின்றுபோன எரிப்பு.

எரிபொருள் மின்கலத்தில் நடப்பதும் இதே எரிப்புதான், தீ இல்லாமல். மெத்தனாலின் ஒரு மூலக்கூறும் தண்ணீரின் ஒரு மூலக்கூறும் ஆனோடு என்னும் மின்வாயில் வந்து சேர்கின்றன. ஒரு கார்பன் டை ஆக்சைடு, ஆறு புரோட்டான், ஆறு எலெக்ட்ரான் கிடைக்கின்றன. புரோட்டான்கள் நடுவில் உள்ள சவ்வின் வழியாக மறுபக்கம் போகின்றன. எலெக்ட்ரான்களுக்கு அந்த வழி அடைப்பு. அவை வெளியே கம்பி வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். போகிற வழியில் நம் விளக்கை எரித்துவிட்டு, மறுபுறம் கேத்தோடில் புரோட்டான்களோடும் காற்றின் ஆக்சிஜனோடும் சேர்ந்து தண்ணீராகின்றன. புகை கிடையாது, சத்தம் கிடையாது. காகிதக் கணக்கில் இந்தக் கலம் 1.21 வோல்ட் தர வேண்டும். கடையில் வாங்கும் கலம் 0.4 வோல்ட் அளவில்தான் ஓடுகிறது. மூன்றில் இரண்டு பங்கு எங்கே போயிற்று என்பதுதான் இத்துறையில் அறுபது ஆண்டுகளாக நடக்கும் வழக்கு.

முதல் குற்றவாளி ஆனோடு. ஆறு எலெக்ட்ரான்களையும் ஒரே மூச்சில் யாராலும் கழற்ற முடியாது. படிப்படியாகத்தான் கழல வேண்டும். பிளாட்டினம் மெத்தனாலிலிருந்து ஹைட்ரஜன்களைத் திறமையாக உருவிவிடும். உருவியபின் மிஞ்சுவது கார்பன் மோனாக்சைடு. இதுவும் ஒரு பாதிவழி. அது பிளாட்டினத்தின் மேல் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது. வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசலைத் தாண்டியவர்கள் தாண்டிய இடத்திலேயே நின்றுவிட்டால் பின்னால் வரிசை என்ன ஆகும்? அதே கதிதான். அடுத்த மெத்தனால் மூலக்கூறுக்கு இடமில்லை, மின்னோட்டம் சரிகிறது.

ஒட்டியிருப்பதைக் கிளப்ப ஓர் ஆக்சிஜன் அணு வேண்டும். அது தண்ணீரிலிருந்துதான் வர வேண்டும். பிளாட்டினம் தண்ணீரைப் பிளக்க ஏறத்தாழ 0.6, 0.7 வோல்ட் கேட்கிறது. ஹைட்ரஜன் மின்வாயைப் பூஜ்யமாக வைத்து அளக்கும் கணக்கில் சொல்கிறேன். ருத்தேனியம் அதே வேலையை 0.2, 0.3 வோல்ட்டிலேயே செய்துவிடும். எனவே இரண்டையும் கலந்தால் மெத்தனாலைப் பிளாட்டினம் பிடிக்கும், ருத்தேனியம் தண்ணீரைப் பிடித்துப் பக்கத்து அணுவுக்கு ஆக்சிஜனை நீட்டும். இந்த இரட்டை வேலை விளக்கத்தை 1975இல் தெளிவாக எழுதியவர்கள் ஜப்பானின் யமனாஷி பல்கலைக்கழகத்து வத்தனபேயும் மோட்டோவும். கலவை நல்லது என்பது அதற்குப் பத்தாண்டு முன்பே மாஸ்கோவில் ஃப்ரூம்கின் குழுவுக்குத் தெரிந்திருந்தது. ஏன் நல்லது என்பதுதான் பிறகு வந்தது. வேதியியலில் இது வழக்கமான வரிசை.

லித்தியம் பேட்டரிக்காக 2019இல் நோபல் பரிசு பெற்ற ஜான் குட்இனஃப் எண்பதுகளில் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தபோது இதே மெத்தனால் ஆனோடைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. பேட்டரி அவரை உலகப் புகழுக்குக் கொண்டுபோயிற்று. மெத்தனால் அவருக்கும் முழுதாக வசப்படவில்லை.

ஒட்டியிருப்பது கார்பன் மோனாக்சைடுதான் என்று எப்படித் தெரியும்? நீண்டகாலம் தெரியாது. ஹைட்ரஜன் ஒன்று மிச்சமிருக்கும் வேறொரு துண்டு என்று ஒரு சாரார் வாதாடினார்கள். இங்கே நம் ஊர்ப் பெருமை ஒன்று நுழைகிறது. இந்த மேடையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் திருவானைக்காவலில்தான் 1888 நவம்பர் 7 அன்று சி.வி. ராமன் பிறந்தார். 1928 பிப்ரவரி 28 அன்று கொல்கத்தாவில் அவரும் கே.எஸ். கிருஷ்ணனும் கண்டதைத்தான் இன்று அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். மூலக்கூறின் மேல் பட்டுச் சிதறும் ஒளி, அந்த மூலக்கூறின் அதிர்வுக்கேற்ப நிறம் மாறி வருகிறது என்பது கண்டுபிடிப்பின் சாரம். அந்த ஆண்டு மார்ச் கடைசியில் 'நேச்சர்' இதழில் வந்த சிறு குறிப்பிலேயே சுமார் அறுபது திரவங்களைச் சோதித்துவிட்டதாக எழுதினார்கள்.

ஆனால் ஊர்ப் பெருமைக்காக வரலாற்றை வளைக்கக் கூடாது. பிளாட்டினத்தின் மேல் கார்பன் மோனாக்சைடை முதலில் கையும் களவுமாகப் பிடித்தது ராமன் ஒளியல்ல, அகச்சிவப்பு ஒளி. 1981இல் பிரான்சின் புவாத்தியே, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் ஆய்வாளர்கள் சேர்ந்து அதைக் காட்டினார்கள். ராமன் முறைக்கு ஒரு சிக்கல் இருந்தது. மேற்பரப்பில் ஓர் அடுக்கு மூலக்கூறிலிருந்து வரும் சிதறல் மிக மங்கல். அதே சவுத்தாம்ப்டனில் 1974இல் ஃப்ளைஷ்மன் குழு, சொரசொரப்பாக்கிய வெள்ளி மின்வாயில் அந்தச் சிதறல் வலுவாக வருவதைக் கண்டது. வெள்ளிக்கும் தங்கத்துக்கும் இருக்கும் இந்தக் குணம் பிளாட்டினத்துக்கு இல்லை. என்ன செய்வது? அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் மைக்கேல் வீவர், சொரசொரப்பான தங்கத்தின் மேல் சில அணுக்கள் தடிமனுக்குப் பிளாட்டினத்தைப் பூசினார். வெளிச்சத்தைப் பெருக்குவது தங்கம், வேதியியல் செய்வது பிளாட்டினம். இதில் ஒரு வசதி உண்டு: கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான அதிர்வோடு, பிளாட்டினத்துக்கும் கார்பனுக்கும் இடையிலான பிணைப்பின் அதிர்வும் நேரடியாகத் தெரியும். பிடி எவ்வளவு இறுக்கம் என்று பார்க்கலாம். ருத்தேனியம் பக்கத்தில் வந்ததும் பிளாட்டினத்தின் எலெக்ட்ரான் நிலை சற்று மாறுகிறது, பிடி தளர்கிறது என்ற இரண்டாவது விளக்கத்துக்கு இத்தகைய ஒளி அளவீடுகளும் சாட்சி.

சரி, கலவை கிடைத்துவிட்டது, பிறகென்ன பிரச்சினை? விலையும் ஆயுளும்.

விலையை முதலில் பார்ப்போம். ஒரு கிராம் பிளாட்டினத்தைக் கட்டியாக வைத்தால் அதன் மேற்பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர்கூடத் தேறாது. அதையே 3 நானோமீட்டர் துகள்களாக்கினால் ஏறத்தாழ 93 சதுர மீட்டர், அதாவது ஆயிரம் சதுர அடி கிடைக்கும். பன்னிரண்டு லட்சம் மடங்கு. துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகாமல் இருக்க, அவற்றைக் கரித்தூளின் மேல் தூவி வைக்கிறார்கள். இவ்வளவு செய்தும், மெத்தனால் கலத்தில் இரு பக்கமும் சேர்த்துச் சதுர சென்டிமீட்டருக்கு 4 மில்லிகிராம் அளவு உலோகம் போடுவது வழக்கம். அங்கே கிடைப்பதோ 50 மில்லிவாட், நன்றாக ஓடினால் கொஞ்சம் கூட. கணக்குப் போடுங்கள்: 50 வாட் வேண்டுமானால் ஆயிரம் சதுர சென்டிமீட்டர், 4 கிராம் உலோகம். ஒரு மின்விசிறி சுற்ற அரைச் சவரன்! ஹைட்ரஜனில் ஓடும் டொயோட்டா மிராய் கார் நூறு கிலோவாட்டுக்கு மேல் தருவதற்குச் சுமார் 30 கிராம் பிளாட்டினம்தான் எடுத்துக்கொள்கிறது. ஹைட்ரஜனுக்கு ஒட்டும் துண்டு கிடையாது, அதுதான் வித்தியாசம். ஆனால் ஹைட்ரஜனை 700 மடங்கு காற்றழுத்தத்தில் உருளையில் அடைக்க வேண்டும். மெத்தனால் 64.7 டிகிரியில்தான் கொதிக்கும். பிளாஸ்டிக் கேனில் எடுத்துப் போகலாம். இந்த ஒரு சௌகரியத்துக்காகத்தான் இத்தனை பேர் இதன் பின்னால் அலைகிறார்கள்.

ஆயுள் விஷயம் இன்னும் சங்கடமானது. 2004இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தார் ஓடி முடித்த கலங்களைப் பிரித்துப் பார்த்தபோது, ஆனோடில் வைத்த ருத்தேனியம் சவ்வைக் கடந்து கேத்தோடில் போய்ப் படிந்திருந்தது. ஆனோடுக்கு உதவியாள் போயிற்று. கேத்தோடில் ஆக்சிஜன் வினை கெட்டது. போதாக்குறைக்கு மெத்தனாலும் தண்ணீரோடு சேர்ந்து அதே சவ்வைக் கடக்கிறது. நாஃபியான் என்னும் அந்தச் சவ்வு நனைந்திருந்தால்தான் புரோட்டானை விடும். நனைந்த சவ்வு மெத்தனாலையும் விட்டுவிடும். கடந்துபோன மெத்தனால் கேத்தோடில் வீணாக எரிந்து அதன் மின்னழுத்தத்தையும் இழுத்துக் கீழே போடுகிறது. அதனால்தான் நல்ல செறிவான மெத்தனாலை வாங்கி, நூற்றுக்கு மூன்று நான்கு பங்காகத் தண்ணீரில் கரைத்து ஊட்ட வேண்டியிருக்கிறது. வினையூக்கியை மட்டும் திருத்தி இதைத் தீர்க்க முடியாது. கேத்தோடில் பிளாட்டினத்துக்குப் பதிலாக இரும்பும் நைட்ரஜனும் பதிந்த கரியை வைத்தால் அது மெத்தனாலைக் கண்டுகொள்வதில்லை, ஆக்சிஜனை மட்டும் கவனிக்கிறது. எனக்கு நம்பிக்கை தரும் பாதை அது. அமிலத்தில் அது சீக்கிரம் தேய்கிறது என்ற குறையும் உண்டு.

இனி நான் பேச வந்த விஷயத்துக்கு வருகிறேன். மாணவர்கள் கவனிக்க வேண்டும். வழிகாட்டும் ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

மெத்தனாலுக்குப் புதிய வினையூக்கி என்று உலகெங்கும், நம் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்தும், கட்டுரைகள் வந்தபடி இருக்கின்றன. கிராஃபீன், நிக்கல், கோபால்ட், சீரியம் ஆக்சைடு, மின்கடத்தும் பாலிமர் என்று சேர்க்காத பொருள் இல்லை. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே படம்: மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளந்த வரைகோடு. அதில் ஒரு சிகரம். என் சிகரம் பழைய சிகரத்தைவிட மூன்று மடங்கு உயரம் என்று முடிவுரை. அந்தச் சிகரம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அமிலத்தில் பிளாட்டினத்துக்கு அது பெரும்பாலும் 0.85 வோல்ட் பக்கம் இருக்கும். உண்மையான கலத்தில் கேத்தோடு நிற்பதும் ஏறத்தாழ அதே இடத்தில்தான். கலத்தின் மின்னழுத்தம் என்பது இரண்டுக்கும் உள்ள இடைவெளி. 0.85இலிருந்து 0.85 போனால் என்ன மிச்சம்? நமக்கு வேண்டியது 0.4 வோல்ட்டுக்குள் என்ன மின்னோட்டம் வருகிறது என்பது. அந்த இடத்தில் பல புதிய வினையூக்கிகளின் கோடு தரையோடு தரையாகக் கிடக்கும். கட்டுரை அதைப் பற்றிப் பேசாது.

நிக்கல் கதை இன்னும் வேடிக்கை. காரக் கரைசலில் நிக்கல் மெத்தனாலை நன்றாகவே ஆக்சிஜனேற்றம் செய்யும். ஆனால் நிக்கல் அதற்குரிய ஆக்சைடு வடிவத்துக்கு வர ஹைட்ரஜன் கணக்கில் சுமார் 1.35 வோல்ட் வேண்டும். ஆக்சிஜன் கேத்தோடு காகிதத்திலேகூட 1.23க்கு மேல் தராது. அப்படியானால் அந்தக் கலத்தில் மின்சாரம் வராது, நாம்தான் உள்ளே கொடுக்க வேண்டும். படத்தில் இது தெரியாததற்குக் காரணம், பாதரச ஆக்சைடு மின்வாயை வைத்து அளந்து 0.45 வோல்ட் என்று எழுதுவது. ஒரு மோலார் காரத்தில் அந்த மின்வாய் ஹைட்ரஜனுக்கு மேலே 0.92 வோல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. கூட்டிப் பார்த்தால் குட்டு வெளிப்படும். தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் கருவிக்கு அந்த நிக்கல் உதவலாம். மெத்தனால் எரிபொருள் மின்கலத்துக்கு என்று முன்னுரையில் எழுதுவதுதான் தவறு.

இன்னொரு பழக்கம், ஏறும்போது வரும் சிகரத்தை இறங்கும்போது வரும் சிகரத்தால் வகுத்து, விகிதம் பெரிதாக இருந்தால் கார்பன் மோனாக்சைடு நஞ்சைத் தாங்கும் சக்தி அதிகம் என்று சொல்வது. இறங்கும் சிகரம் மிச்சமிருந்த நஞ்சு எரிவதால் வருகிறது என்பது அதன் அடிப்படை. 2012இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகக் குழு மின்வாயின் மேலேயே அகச்சிவப்பு அளவீடு செய்து, அந்தச் சிகரமும் புதிதாக வரும் மெத்தனால் தருவதுதான் என்று காட்டிவிட்டது. அதற்குப் பிறகும் அந்த விகிதம் ஆய்வேடுகளில் வலம் வந்துகொண்டிருக்கிறது.

வேலைக்கான அடித்தளம் நமக்கு இல்லாமல் இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கல் நாளில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்தில் காரைக்குடியிலேயே இருக்கிறது. மெத்தனால் கலத்தில் இந்தியாவின் முன்னோடிகளில் ஒருவரான ஏ.கே. சுக்லா அதன் இயக்குநராக இருந்தவர். மூலப்பொருள் பக்கமும் திருச்சிக்குப் பழைய தொடர்பு உண்டு. நிலக்கரியை வாயுவாக்கி அதில் மின்சாரம் எடுக்கும் 6.2 மெகாவாட் சோதனை நிலையத்தைத் திருவெறும்பூர் பெல் தொழிற்சாலை நிறுவி ஓட்டியது. அந்த வாயுவில் இருப்பது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும். தாமிரம், துத்தநாகம் கலந்த வினையூக்கியின் மேல் அழுத்தத்தில் செலுத்தினால் மெத்தனால் கிடைக்கும். பிளாட்டினத்துக்கு நஞ்சாகும் அதே கார்பன் மோனாக்சைடு தாமிரத்துக்கு உணவு! ஹைதராபாத் பெல் 2021இல் சாம்பல் மிகுந்த நம் நாட்டு நிலக்கரியிலிருந்து நாளுக்குக் கால் டன் மெத்தனால் எடுத்துக் காட்டியது. நிலக்கரியிலிருந்து எடுத்தால் கரியமில வாயு குறையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்று இந்தியா மெத்தனாலில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது என்பதுதான் அந்த முயற்சியின் நியாயம்.

இதையெல்லாம் வைத்து யாருக்கு என்ன பயன்? ஒரு லிட்டர் மெத்தனாலில் 4.4 யூனிட் வெப்ப ஆற்றல் இருக்கிறது. சந்தையில் விற்கும் ஜெர்மன் கலம் ஒன்று பத்து லிட்டர் கேனிலிருந்து 11 யூனிட் மின்சாரம் தருகிறது. கால் பங்கு. சின்னக்கடை வீதியில் கடைவாசலில் உறுமும் டீசல் ஜெனரேட்டர் லிட்டருக்கு மூன்று யூனிட் வரை தரும். எனவே கடைக்காரர்கள் அவசரப்பட வேண்டாம். செல்பேசிக்கு மின்னூட்ட 2009இல் டொஷிபா ஒரு கையடக்கக் கலத்தை 29,800 யென்னுக்கு ஜப்பானில் மூவாயிரம் மட்டும் விற்றுப் பார்த்தது, பிறகு பேச்சில்லை. நாற்பது, ஐம்பது வாட் மட்டும் போதும், ஆனால் மாதக்கணக்கில் ஆள் போகாமல், சத்தமில்லாமல் ஓட வேண்டும் என்ற இடத்தில்தான் இது ஜெயிக்கிறது: வெயில் புகாத காட்டுக்குள் கண்காணிப்புக் கருவி, மலைமேல் தகவல் தொடர்புக் கம்பம், எல்லைக் காவல்சாவடி. நம் பாதுகாப்புத் துறையும் வாங்கியிருக்கிறது. முக்கொம்பில் நீர்மட்டக் கருவிக்கு இது வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம், திருச்சி வெயிலுக்குச் சோலார் பலகையே போதும் என்பேன். இன்னொன்று, தமிழ்நாட்டில் மெத்தனாலை வைத்திருக்க உரிமம் வேண்டும். கருணாபுரத்துக்குப் பிறகு அந்த விதியைத் தளர்த்தச் சொல்ல எனக்கு வாய் வராது; அடைத்து முத்திரையிட்ட கேன்களாகத்தான் இது புழங்க வேண்டும்.

ஆய்வு மாணவர்களிடம் நான் கேட்பது ஒரு சோதனை. உங்கள் வினையூக்கியைக் கண்ணாடிக் குடுவையிலிருந்து வெளியே எடுங்கள். சவ்வில் பூசி, ஐந்து சதுர சென்டிமீட்டர் கலமாவது செய்யுங்கள். ஒரு மோலார் மெத்தனால், 60 டிகிரி வெப்பம், 0.4 வோல்ட். ஐந்நூறு மணி நேரம் ஓடவிடுங்கள். முதல் மணியில் எவ்வளவு மின்னோட்டம், கடைசி மணியில் எவ்வளவு, கேத்தோடிலிருந்து சொட்டும் தண்ணீரில் என்னென்ன உலோகம் கரைந்திருக்கிறது என்று எழுதுங்கள். எண் சிறியதாக இருந்தாலும் அச்சிடுங்கள். அடுத்தவர் அதே பள்ளத்தில் விழாமல் இருப்பார். ஐந்நூறு மணி என்பது மூன்று வாரம். அதற்குள் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் ஒன்று, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை, வந்தே தீரும். ஆகவே துறைத்தலைவரிடம் முதலில் ஒரு நல்ல யுபிஎஸ்ஸுக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். மின்சாரம் தயாரிக்கும் கலத்தைச் சோதிக்கத்தானா யுபிஎஸ் கேட்கிறாய் என்று அவர் நிச்சயம் கேட்பார்.